செத்த மாட்டின் கணக்கு

2022 டிசம்பர் 8ஆந் திகதி கொழும்பு வானத்தைப் புகைமூட்டம் மூடியது. மறுநாள் பாடசாலைகளுக்கு விடுமுறை. வெள்ளவத்தையில் நாம் யன்னல்களைச் சாத்திக்கொண்டு, காற்றுக் கெட்டுவிட்டதே என்று கவலைப்பட்டோம். அந்நாட்களிலேதான், வங்கக் கடலில் உருவாகிய மாண்டஸ் புயலின் குளிர்காற்றுக்கு ஆற்றாது, வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் விறைத்து வீழ்ந்தன.

உடனே பிறந்தது ஓர் ஆணை: வடக்கு, கிழக்கிலிருந்து பிற மாகாணங்களுக்கு இறைச்சி கொண்டுசெல்லத் தடை! தொற்றுநோயன்று, குளிரே காரணம் என்பது பின்னர் பரிசோதனையில் தெரிந்தது. நோயை அஞ்சித் தடைவிதித்ததை நாம் குறைகூறவில்லை. உண்பவனைக் காக்க விரைந்த அந்தக் கை, வளர்த்தவனைக் காக்கவும் அதே வேகத்தில் நீண்டதா என்பதே எமது கேள்வி.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டைப் புரட்டியெடுத்தபின், கால்நடை இழந்தோருக்குக் கொடுப்பனவு வழங்க அரசு முன்வந்தது. நல்லது, வரவேற்கின்றோம். ஆனால் அந்தப் பணம் யார் கையிற் சேரும்?

மட்டக்களப்பு, வன்னிப் பகுதிகளின் மாட்டுப் பட்டியை அறிந்தவர் இக்கேள்வியின் பொருளை அறிவர். அங்கு மாட்டுக்கு உடையவர் ஒருவர். காட்டிலே பரண் கட்டி, யானைக்கும் பாம்புக்கும் நடுவே இரவைக் கழித்து மேய்ப்பவர் பலவேளைகளில் மற்றொருவர். கூலிக்கு மேய்ப்பவருமுண்டு, பாலிலோ கன்றிலோ பங்குக்கு மேய்ப்பவருமுண்டு. மாடு செத்தால் உடையவருக்குச் சொத்து போகின்றது. மேய்ப்பவருக்கோ அடுப்பே அணைந்துவிடுகின்றது. இழப்பீட்டுப் படிவத்திலோ உரிமையாளர் பெயருக்கே இடமுண்டு. வாய்ச்சொல்லால் பேசிய பங்குக்குச் சாட்சி ஏது?

உரிமையை நிலைநாட்டுவதுதான் எளிதா? குறிசுடுதலையும் உரிமைச் சீட்டையும் 1958ஆம் ஆண்டின் விலங்குகள் சட்டம் ஒழுங்குபடுத்தியது. பயிரோடு கால்நடைக்கும் காப்புறுதி வழங்க 1999ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் ஒரு சபையையே அமைத்தது. சட்டம் உண்டு, தவணைப்பணம் கட்டக் காசு வேண்டும், காதிலே இலக்கத்தகடு வேண்டும். குறி சுடுமுன்னரே குளிரில் செத்த கன்றுக்கு எந்தச் சீட்டைக் காட்டுவது? வெள்ளம் இழுத்துச்சென்ற உடலை எந்த மிருக வைத்தியருக்குக் காட்டுவது? வீடிழந்தவன் இடிந்த சுவரையாவது காட்டலாம்.

கொழும்பு வாசகருக்கு இது தூரத்து அழுகையாகத் தோன்றலாம். கொட்டாஞ்சேனைத் தேநீர்க்கடையில் நாம் அருந்தும் பால்தேநீரைப் பாருங்கள். அதிற் கலந்திருப்பது பெரும்பாலும் கப்பலேறி வந்த பால்மா. டொலர் வற்றிய 2021, 2022ஆம் ஆண்டுகளில் அந்தப் பால்மாவுக்காகக் கடைவாசலில் வரிசையில் நின்றோமே! அப்பொழுதுங்கூட, நம் நாட்டுப் பட்டிகளுக்கு ஒரு கூரைதானும் உண்டா என்று நாம் விசாரிக்கவில்லை. எம்மையும் சேர்த்தே சொல்லுகின்றோம்.

குளிர்மட்டுமா கொன்றது? திறந்த வெளியில், சேற்றிலே, மழையில் நனைந்து நின்ற மெலிந்த மாட்டைக் குளிர் கொன்றது. மேய்ச்சல் தரை சுருங்கச் சுருங்க மாடு மெலிகின்றது; மெலிந்த மாட்டுக்கு ஒரு புயலே போதும். மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் நிலங்களில் வேற்று மாவட்டத்தார் வந்து பயிர்செய்வதை எதிர்த்து, 2023 செப்டெம்பரில் பண்ணையாளர் சித்தாண்டியில் போராட்டம் தொடங்கினர். அவர்கள் கேட்டது நட்டஈடன்று, புல் முளைக்கும் தரை. வானம் பறித்த மாட்டுக்குப் படிவம் உண்டு. மனிதன் பறித்த தரைக்கு எந்தக் கந்தோரில் படிவம் கொடுக்கின்றார்கள்?

கிராம உத்தியோகத்தரும் மிருக வைத்தியரும் பட்டிக்கே போகட்டும். அயற்பட்டிக்காரர் இருவரின் சாட்சியம், சீட்டில்லாத மாட்டுக்குச் சீட்டாகட்டும். கொடுப்பனவில் மேய்ப்பவர் பங்கு அவர் பெயரிலேயே எழுதப்படட்டும். மேய்ச்சல் தரையின் எல்லைக் கற்களை அடுத்த மாரிக்கு முன்னர் நாட்டுங்கள். மாரி ஒக்டோபரில் தொடங்குகின்றது.