பயிலுநர் கற்பிப்பதை வகுப்பில் இருந்து பாருங்கள்: கரையோர ஆசிரியர்களின் கோரிக்கை மனு

பெறுநர்: செயலாளர், கல்வி, உயர்கல்வி, தொழிற்கல்வி அமைச்சு, தலைவர், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு.
விடயம்: ஆசிரியர் பயிற்சிப் பட்டங்களின் தர உறுதிப்பாடும் அங்கீகாரமும்.

கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, திருக்கோவில் கல்வி வலயங்களில் தமிழ்மொழி மூலம் கற்பிக்கும் ஆசிரியர்களின் சங்கம் இம்மனுவைச் சமர்ப்பிக்கின்றது. இந்த வலயங்களில் எந்தப் பாடசாலையின் ஆசிரியர் அறைக்குள் நுழைந்தாலும், வெவ்வேறு வாசல்களால் தொழிலுக்கு வந்தவர்களைக் காணலாம். ஒருவர் அட்டாளைச்சேனை தேசிய கல்வியியல் கல்லூரியில் டிப்ளோமா முடித்தவர். இன்னொருவர் மகரகம தேசிய கல்வி நிறுவகத்தின் கல்விமாணி. அடுத்தவர் கலைப்பட்டத்தோடு நேரே நியமனம் பெற்று, கிழமை முழுவதும் கற்பித்துவிட்டு, வார இறுதியில் பட்டப்பின் கல்வி டிப்ளோமா வகுப்புக்கு ஓடுகிறவர். எல்லோரும் நிற்பது ஒரே பிள்ளைகளின் முன்னால்தான். அவர்கள் பெற்ற பயிற்சியை ஒரே அளவுகோலால் அளந்து பார்க்கும் ஏற்பாடுதான் இல்லை.

காரணம் நிர்வாக அமைப்பிலேயே இருக்கிறது. கல்வியியல் கல்லூரிகள் 1986ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் கல்வி அமைச்சுக்கு உரியவை. தேசிய கல்வி நிறுவகத்துக்கு 1985ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம். பல்கலைக்கழகங்களை மானியங்கள் ஆணைக்குழு பார்க்கிறது. இளமாணிப் பாடநெறிகளை மதிப்பிட அந்த ஆணைக்குழு 2015இல் வெளியிட்ட கைநூலில் எட்டு அளவுகோல்கள் உள்ளன. பாடநெறி நிர்வாகம், ஆளணி, பாட வடிவமைப்பு, கற்றல் சூழல், மாணவர் மதிப்பீடு என்று அவை விரிகின்றன. முடிவில் ஏ முதல் டி வரை தரம் கிடைக்கிறது. நல்ல ஏற்பாடு என்பதில் சங்கத்துக்கு ஐயமில்லை. ஆனால் கற்பித்தற் பயிற்சி அந்த எட்டில் தனியொன்றாக இடம்பெறவில்லை. வரலாற்றுப் பட்டத்துக்கும் கல்விமாணிப் பட்டத்துக்கும் பொதுவான கைநூல் அது. ஆசிரியரை உருவாக்கும் பட்டத்துக்கு வகுப்பறைதான் உயிர்.

தேசிய தகைமைச் சட்டகமும் இந்தக் குறையைத் தீர்க்காது. பொதுப் பட்டம் ஐந்தாம் மட்டம், சிறப்புப் பட்டம் ஆறாம் மட்டம், பட்டப்பின் டிப்ளோமா எட்டாம் மட்டம் என்று அது தகைமைகளை வரிசைப்படுத்துகிறது. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குப் பின்னங்களை விளக்க ஒருவருக்கு வருமா, வராதா என்பதை மட்டத்தின் இலக்கம் காட்டாது.

இந்தக் கரையோரம் கல்விக்குப் புதியதல்ல. காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர் கொழும்பில் ஆசிரியப் பயிற்சி பெற்று, பின்னர் கிழக்கில் பாடசாலைகளை வளர்த்தவர். போர்க்கால உணவு நெருக்கடியின்போது, 1942இல், உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்த ஏ. எம். ஏ. அஸீஸ், வயற்செய்கையோடு நின்றுவிடாமல் அதே ஆண்டில் கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்துக்கும் வித்திட்டார். மூன்றாண்டுகளின் பின் அவர் தொடக்கிய இலங்கை முஸ்லிம் புலமைப்பரிசில் நிதியத்துக்கு முன்னோடி அதுவே.

இன்று இப்பகுதியின் பெரும் சொத்து அட்டாளைச்சேனைக் கல்லூரி. அதன் மூன்றாண்டுப் பாடநெறியில் இரண்டு ஆண்டுகள் விடுதியில் தங்கிப் படிப்பு, மூன்றாவது ஆண்டு முழுவதும் பாடசாலையில் கட்டுறுபயில்வு. இந்தியாவில் 2014ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளின் பின் ஈராண்டாக நீண்ட பி.எட். படிப்பில்கூடப் பாடசாலைப் பயிற்சி ஏறத்தாழ இருபது வாரங்கள்தான். ஓர் ஆண்டு வகுப்பறையில் நிற்பது எவ்வளவு பெறுமதியானது என்பது கட்டுறுபயில்வு முடித்த எந்த ஆசிரியருக்கும் தெரியும்.

நாட்டிலுள்ள 19 கல்வியியல் கல்லூரிகளையும் இணைத்து, நான்காண்டுக் கல்விமாணிப் பட்டம் வழங்கும் பல்கலைக்கழகமாக்கும் யோசனை 2023இல் அரசினால் முன்வைக்கப்பட்டது. சங்கம் அதை வரவேற்கிறது. கூடவே சங்கத்தின் முதற் கோரிக்கையும் இங்கேதான் எழுகிறது: பட்டம் என்ற பெயருக்காக விரிவுரைகளைக் கூட்டி, கட்டுறுபயில்வைச் சுருக்கிவிட வேண்டாம். அந்த ஓராண்டையே தர மதிப்பீட்டின் நடுப்புள்ளியாக்குங்கள். மதிப்பீட்டுக் குழு சுயமதிப்பீட்டு அறிக்கையையும் கோப்புகளையும் புரட்டிவிட்டுத் திரும்பக் கூடாது. பயிலுநர் கற்பிக்கும் வகுப்பின் பின்வரிசையில் அமர்ந்து பார்க்க வேண்டும். மேற்பார்வைக்கு விரிவுரையாளர் எத்தனை தடவை வந்தார், வந்தபோது என்ன திருத்தம் சொன்னார் என்று பயிலுநரிடமே கேட்க வேண்டும். நகரப் பாடசாலைகளோடு வயற்புறப் பாடசாலைகளும் அந்தப் பார்வையில் அடங்க வேண்டும். தமிழில் நடக்கும் பாடத்தைத் தமிழ் தெரிந்தவரே மதிப்பிட முடியும் என்பதால், ஒவ்வொரு குழுவிலும் தமிழ்மொழி மூலப் பாடசாலையில் கற்பித்த அனுபவமுள்ள ஒருவராவது இருப்பது கட்டாயம்.

தாளில் மட்டும் பார்த்து அனுமதி கொடுத்தால் என்னவாகும் என்பதற்குத் தொலைவில் போகத் தேவையில்லை. இந்தியாவில் ஆசிரியர் கல்விக்கென்றே தேசிய கவுன்சில் இருந்தும், தனியார் பயிற்சிக் கல்லூரிகள் கட்டுக்கடங்காமல் பெருகின. மகாராஷ்டிரக் கல்லூரிகளின் அங்கீகாரம் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் நீதியரசர் ஜே. எஸ். வர்மா தலைமையில் ஆணைக்குழு அமைத்தது. அதன் அறிக்கை 2012இல் வந்தபோது, பரிசோதிக்கப்பட்ட கல்லூரிகளில் பெரும்பாலானவை தகுதியற்றவை என்று தெரிந்தது. அதற்குள் அவற்றில் படித்தவர்களின் பணமும் காலமும் போய்விட்டிருந்தன.

இங்கும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் பெயரில் கல்விப் பட்டம் தருவதாகத் தனியார் நிலையங்கள் ஆசிரியர்களை அழைக்கின்றன. சர்வதேசக் கைநூல்களில் பெயர் உள்ள வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தை மானியங்கள் ஆணைக்குழு ஏற்றுக்கொள்கிறது என்பது உண்மை. அந்த ஏற்பு, உள்ளூர் நிலையத்தில் நடக்கும் வகுப்பின் தரத்துக்கு அத்தாட்சி ஆகாது. சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கட்டணம் கட்டும் ஆசிரியருக்கு இந்த வேறுபாடு முன்கூட்டியே தெரிய வேண்டாமா? ஆசிரியர் சேவையில் எந்தெந்தக் கல்விப் பட்டங்கள் ஏற்கப்படும் என்ற பட்டியலை அமைச்சு ஆண்டுதோறும் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிட்டு, வலயக் கல்வி அலுவலகங்களில் ஒட்ட வேண்டும். மதிப்பீட்டு அறிக்கைகளின் சுருக்கமும் தாய்மொழியில் வர வேண்டும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கும் நாட்டில், ஒவ்வொருவரும் தனித்தனியே விண்ணப்பம் எழுதித்தான் இதை அறிய வேண்டும் என்பது முறையல்ல.

தர உறுதிப்பாட்டுக்கும் அங்கீகாரத்துக்குமான சுயாதீன ஆணைக்குழு பற்றிப் பல ஆண்டுகளாகப் பேச்சு நடக்கிறது. அதை அமைக்கும் சட்டம் வரும்போது கல்வியியல் கல்லூரிகள், தேசிய கல்வி நிறுவகம், பல்கலைக்கழகங்கள், தனியார் நிலையங்கள் ஆகிய நான்கும் அதற்குள் வர வேண்டும். சட்டம் வரும்வரை காத்திராமல், அட்டாளைச்சேனையை முன்னோடியாகக் கொண்டு கட்டுறுபயில்வை மதிப்பிடும் ஏற்பாட்டை அடுத்த கல்வியாண்டிலேயே தொடங்குமாறு சங்கம் கேட்டுக்கொள்கிறது. இதற்கு ஒப்புதல் உண்டா, இல்லையெனில் தடை என்ன என்பதை மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் அறிவிக்குமாறும், கல்முனையில் சங்கப் பிரதிநிதிகளைச் சந்திக்க ஒரு திகதியை ஒதுக்குமாறும் இதன்மூலம் வேண்டுகிறது.