படகை விலக்கினோம், மீன் எங்கே?

2025 ஜனவரி முதல் தேதியிலிருந்து வாஷிங்டன் மாநிலக் கடலில் தென்வாழ் (Southern Resident) ஓர்க்கா திமிங்கிலங்களைப் படகுகள் 1,000 கெஜத்துக்குள் நெருங்கக் கூடாது. திமிங்கில ஆய்வுத் துறையினர் பல ஆண்டுகள் வாதாடிப் பெற்ற விதி இது. படகுகள் 400 கெஜத்துக்குள் வந்தால் பெண் ஓர்க்காக்கள் இரை தேடுவதையே கைவிடும் போக்கு கூடுகிறது என்று ஆய்வுகள் முன்பே காட்டிவிட்டன. அந்த வகையில் இது நல்ல வெற்றிதான். ஆனால் அதே புத்தாண்டு நாளில், இக்கூட்டத்தின் ஜே35 என்ற தாய் தன் இறந்த கன்றைச் சுமந்து நீந்திக்கொண்டிருந்தது. 2018இல் வேறொரு கன்றை 17 நாள் சுமந்ததும் அதே தாய்தான்.

தென்வாழ் ஓர்க்காக்களின் சாணத்தை 2008 முதல் 2014 வரை சேகரித்து ஆராய்ந்தவர்கள், இக்கூட்டத்தில் கருவுற்றவற்றில் 69 விழுக்காடு கன்று ஈனவில்லை என்று கண்டார்கள். முக்கியக் காரணம் பசி. மெலியும் தாய் தன் கொழுப்பைக் கரைக்கிறது. அதில் தங்கியிருந்த பிசிபி நஞ்சு இரத்தத்தில் கலக்கிறது. அதே கடலில், அதே இரைச்சலில், உடலில் இன்னும் கூடுதலான பிசிபியோடு வாழும் பிக்ஸ் ஓர்க்காக்களோ பெருகிவருகின்றன. அவற்றின் உணவு சீல், அதற்குப் பஞ்சமில்லை. தென்வாழ் கூட்டம் நம்பியிருப்பது சினூக் சால்மனை. 1960களிலும் 70களிலும் காட்சித் தொட்டிகளுக்காகக் குட்டிகளைப் பிடித்துப்போனதும், இப்போது தெரியவந்துள்ள உள்ளினப்பெருக்கமும் சுமையைக் கூட்டுகின்றன, மறுக்கவில்லை. ஆனாலும் எழுபத்துச் சொச்சம் விலங்குகளின் தலைவிதி ஆறுகளில்தான் இருக்கிறது.

ஆற்றைத் திறந்தால் மீன் வரும். கிளாமத் ஆற்றில் நான்கு அணைகளை இடித்து முடித்த 2024இலேயே, ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக எட்ட முடியாதிருந்த ஆரிகான் பகுதிக்குச் சினூக் ஏறிவந்தது. ஆனால் வாஷிங்டனில் கீழ் ஸ்நேக் ஆற்றின் நான்கு அணைகள் இன்னும் நிற்கின்றன. அங்குள்ள சால்மனை மீட்கப் பழங்குடிகளோடும் இரு மாநிலங்களோடும் 2023 டிசம்பரில் செய்துகொண்ட ஒப்பந்தத்திலிருந்து அமெரிக்க அரசு 2025 ஜூனில் விலகிவிட்டது. சால்மனுக்காகப் பழங்குடிகள் பல பத்தாண்டுகளாகப் போராடிவரும் மேடைகளில், திமிங்கில ஆய்வாளர்களாகிய நம் குரல் மிகக் குறைவாகவே கேட்கிறது. இது எனக்கு வருத்தம் தருகிறது.

அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இடையிலான பசிபிக் சால்மன் உடன்படிக்கையின் சினூக் அத்தியாயம் 2028இல் காலாவதியாகிறது. அடுத்த அத்தியாயத்தில் மீனவர்களின் பங்கைக் கணக்கிடும் முன்பே ஓர்க்காவின் பங்கை எடுத்துவைக்க வேண்டும். எத்தனை மீன், எந்த ஆற்றிலிருந்து, எந்த மாதத்தில் என்ற கணக்கை நாம்தான் இப்போதே எழுதிக் கொடுக்க வேண்டும்.