எதில் சமம்?

முதலாண்டு உள்தேர்வு ஒன்றில், கோணங்கள் மட்டும் சமமாயுள்ள இரண்டு முக்கோணங்களை ‘ஐடென்டிகல்’ என்று எழுதினேன். ‘சிமிலர்’ என்பதைவிட அச்சொல் கம்பீரமாக இருப்பதாக அன்று எனக்குத் தோன்றியது! விடைத்தாள் சிவப்பு மையோடு திரும்பி வந்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் பிழையை விளக்கிச் சொல்ல வீட்டில் யாருமில்லை.

தோழர்களே! தமிழ் வழியில் பயின்று வந்த நம்மில் பலர் சேம், ஈக்வல், சிமிலர், ஈக்விவலன்ட், கான்குருவென்ட், ஐடென்டிகல் என்னும் ஆறு சொற்களையும் ஒரே பொருளின் ஆறு பெயர்களாகவே எண்ணுகிறோம். வாய்க்கு வந்ததை எழுதி மதிப்பெண் இழந்ததும், நமக்கு ஆங்கிலம் வராது என்று சோர்ந்து விடுகிறோம். இந்தச் சோர்வு தேவையற்றது என்பதே என் கருத்து. இச்சொற்களின் வேறுபாடுகளை நாம் முன்பே தமிழில் கற்றிருக்கிறோம்.

வடிவம் மட்டும் ஒன்றானால் வடிவொத்தவை, அதுவே சிமிலர். வடிவமும் அளவும் ஒன்றானால் சர்வசமம், அதுவே கான்குருவென்ட். கம்பம், போடி, தேனி என்பதும் தேனி, கம்பம், போடி என்பதும் சம கணங்கள். ஆனால் அம்மூன்று ஊர்களும், வாழை, திராட்சை, ஏலம் என்னும் மூன்று பயிர்களும் சமான கணங்கள் மட்டுமே. எண்ணிக்கை ஒன்று, உறுப்புகள் வேறு. இதுவே ஈக்விவலன்ட். எல்லா மதிப்புகளுக்கும் பொருந்தும் சமன்பாட்டை முற்றொருமை என்று படித்தோமே, அதுதான் ஐடென்டிட்டி.

என் தந்தையார் திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை செய்பவர். இரண்டு பெட்டிகளை எடை போட்டுவிட்டு, “எடை ஒண்ணுதான், சரக்கு வேற” என்பார். ஈக்வல் என்பதற்கு இதனினும் தெளிவான விளக்கம் உண்டோ? ஏதேனும் ஓர் அளவில் சமம், அவ்வளவே. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் கம்பம் பன்னீர் திராட்சையை வேளாண் நூல்கள் ‘மஸ்கட் ஹாம்பர்க்’ என்கின்றன. அவை இரண்டு பழங்கள் அல்ல. ஒரு பழத்தின் இரண்டு பெயர்கள். ‘சேம்’ என்று தயங்காமல் சொல்ல வேண்டிய இடம் அதுவே.

ஆங்கிலமும் குழப்பமற்ற மொழியன்று. ‘சேம் பஸ்’ என்றால் நேற்று வந்த அதே வண்டியா, அதே மாதிரி வேறு வண்டியா? ‘சமம்’ என்பதைத் திரும்பத் திரும்ப எழுதிச் சலித்த ராபர்ட் ரெக்கார்டு, 1557-இல் வெளியான தம் நூலில் இரண்டு இணைகோடுகளைக் குறியாக வைத்தார். அவருக்கே அந்தச் சலிப்பென்றால் நமக்குத் தடுமாற்றம் வருவதில் வியப்பென்ன?

சொல்லைத் தேர்ந்தெடுக்கும் முன் ‘எதில் சமம்?’ என்று நம்மையே கேட்டுக்கொள்வோம். கோணத்திலா, அளவிலா, எண்ணிக்கையிலா? விடை தெரிந்தால் சொல் தானே வரும். பேராசிரியப் பெருமக்களுக்கும் ஒரு பணிவான வேண்டுகோள். புதிய ஆங்கிலச் சொல்லை அறிமுகம் செய்யும்போது, பள்ளியில் நாங்கள் படித்த தமிழ்ச் சொல்லையும் ஒரே ஒருமுறை பக்கத்தில் எழுதுங்கள். கரும்பலகையில் அரை நிமிட வேலை. எங்களுக்கோ அது ஓராண்டுத் தடுமாற்றத்தைப் போக்கும்.

சட்டத்தின் முன் யாவரும் சமம் என்கிறது நம் அரசியல் சட்டத்தின் 14-ஆம் பிரிவு. வகுப்பறையிலும் நாங்கள் அனைவரும் சமமே. ஆனால் சர்வசமம் அல்ல. நாங்கள் புறப்பட்டு வந்த இடங்கள் வேறு வேறு.