கசவும் அரண்மனைப் பெருமிதமும்: 'ராஜகுல மணமகள்' என்னும் கற்பிதம் குறித்து

கழக்கூட்டத்தில் 1990-இல் தொழில்நுட்பப் பூங்கா தொடங்கப்பட்ட பின், அதைச் சுற்றி ஒரு புதிய நகரமே எழுந்தது. அந்நகரின் திருமண மண்டபங்களிலும் மணமகள் ஒப்பனை நிலையங்களிலும் இன்று செல்வாக்குடன் புழங்கும் சொல் 'திருவிதாங்கூர் ராஜகுல மணமகள்' என்பது. கசவுக் கரையிட்ட வெண்ணிறச் சேலை, தோளில் நேரியது, பாலக்கா மாலை, மாங்காய் மாலை, காசுமாலை, நாகபடத் தாலி, கொண்டையைச் சுற்றிய முல்லைச் சரம் ஆகியவை சேர்ந்தால் மணமகள் 'மகாராணி' ஆகிவிடுகிறாள். விற்பவர் விற்கட்டும், உடுத்துபவர் மகிழ்ந்து உடுத்தட்டும். அவர்களோடு வழக்கில்லை. அந்த விளம்பரச் சொல்லை ஆராயாமல் எடுத்து, 'அரச மரபின் அழகியல்' என ஆய்வேட்டுக்கும் கருத்தரங்குக்கும் தலைப்பாக்கும் கல்விப்புலத்தாரோடுதான் வழக்கு.

முதலில், கழக்கூட்டத்துக்கும் அரண்மனைக்கும் இருந்த உறவு யாது? மார்த்தாண்ட வர்மாவின் (1729–1758) அதிகாரக் குவிப்பை எதிர்த்து நின்ற எட்டுவீட்டுப் பிள்ளைமாருள் ஒருவர் கழக்கூட்டத்துப் பிள்ளை. அவர்கள் ஒடுக்கப்பட்டபோது வீடுகள் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டன என்றும், அவ்வீட்டுப் பெண்களும் குழந்தைகளும் கடற்கரை மீனவரிடம் ஒப்படைக்கப்பட்டனர் என்றும் திருவிதாங்கூர் வரலாற்று மரபு கூறுகிறது. ஒரு குடும்பத்தின் பெண்களைச் சாதிப்படியிலிருந்து இறக்குவதே தண்டனையாக இருந்த நாடு அது. அந்த வீடு நின்ற ஊரிலேயே அரண்மனையின் பெயரால் மணக்கோலம் விற்கப்படுவதைக் கண்டு ஒரு வரலாற்று மாணவருக்கேனும் நெருடல் எழ வேண்டாமா?

அடுத்து, 'மகாராணியாகும் மணமகள்' என்ற கருத்து. மருமக்கள் தாயத்தைப் பின்பற்றிய திருவிதாங்கூரில் அரசரை மணந்த பெண் அரசியாக மாட்டாள். அவள் 'அம்மச்சி'. அருமனை, வடசேரி, நாகர்கோவில், திருவட்டாறு என்னும் அம்மவீடுகள் அத்தகைய மனைவியருக்குரியவை. அவர்களுடைய மக்கள் தம்பி, தங்கச்சி என்ற பட்டங்களோடு நின்றனர். அரசுரிமை அவர்களுக்கு இல்லை. 'ராணி' என்பவர் அரசரின் சகோதரியோ மருமகளோ ஆவார். அவர் பிறப்பாலோ தத்தாலோ ராணி. அவருடைய திருமணமே 'பள்ளிக்கெட்டு'. 1906-இல் பள்ளிக்கெட்டு நடந்தபோது சேது லட்சுமி பாயிக்கு வயது பத்து. மணமகன் கிளிமானூர் ராம வர்ம கோயித்தம்புரான். அத்திருமணம் அவரை ராணியாக்கவில்லை. 1900-இல் நிகழ்ந்த தத்தெடுப்பே ஆக்கிற்று. திருவிதாங்கூரின் கடைசி அரசர் சித்திரைத் திருநாளோ மணமே செய்துகொள்ளாதவர். ஆகவே, மாலையேற்றதும் மகாராணியாகும் மணமகளைத் திருவிதாங்கூர் அறியாது. அவள் வேறு நாட்டு அரண்மனைக் கதைகளிலிருந்தும் திரைப்படங்களிலிருந்தும் வந்து சேர்ந்தவள்.

இந்தக் கோலத்தின் தோற்றமும் ஓரளவு அச்சுக்கூடத்தைச் சார்ந்தது. திருவிதாங்கூர் அரசகுலப் பெண்டிரின் மரபான உடை முண்டும் நேரியதும் ஆகும். கொசுவம் வைத்து முந்தானையைத் தோளில் இட்ட சேலையைக் கடவுளருக்கும் காவிய நாயகியருக்கும் உடுத்தி, 1894-இல் தொடங்கிய தம் அச்சகத்தின் வண்ணப்படங்கள் வழியே வீடுதோறும் சேர்த்தவர் ராஜா ரவி வர்மா. சேது லட்சுமி பாயின் தாய்வழிப் பாட்டனார். 2020-இல் தமிழ்த் திரைக்கலைஞர்களைக் கொண்டு 'நாம்' அறக்கட்டளை வெளியிட்ட நாட்காட்டியும் அவர் ஓவியங்களையே மீட்டுருவாக்கிற்று. இன்றைய 'ராஜகுல' ஒளிப்படங்கள் பெரிதும் அந்த ஓவியங்களின் நகல்களே. நகலெடுப்பது குற்றமன்று. ஓவியனின் கற்பனையை அரண்மனையின் ஆவணமாகக் காட்டுவதே பிழை.

இவை தகவற்பிழைகள், திருத்திவிடலாம். 'அரச மரபின் அழகியல்' என்ற தொடர் மறைக்கும் செய்தி இவற்றினும் பெரியது. திருவிதாங்கூரில் ஆடையும் அணிகலனும் அரசாணைக்கு உட்பட்டவை. பொன்னணி பூணும் உரிமைக்கு 'அடியற' என்ற காணிக்கையை அரசுக்குச் செலுத்த வேண்டியிருந்தது. கௌரி பார்வதி பாயின் ஆட்சிக்காலத்தில் (1815–1829) அந்தத் தளை நீங்கியது. அதே ஆட்சியின் இறுதியில், 1829 பிப்ரவரியில், நாடார் பெண்கள் மேலாடை அணிவதைத் தடுக்கும் ஆணை வெளிவந்தது. அதாவது பொன்னை விடுவித்த கை துணியைப் பறித்தது. கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் பல பத்தாண்டுகள் நீண்ட தோள்சீலைப் போராட்டத்தின் முடிவில், 1859 ஜூலை 26-இல் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மாவின் அறிவிப்பு வந்தது. அதைக் கூர்ந்து படிக்க வேண்டும். நாடார் பெண்கள் குப்பாயம் அணியலாம். முரட்டுத் துணியை மீனவப் பெண்கள் கட்டும் முறையில் கட்டிக்கொள்ளலாம். எவ்வகையிலும் மார்பை மறைக்கலாம். ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல அணியக்கூடாது. வெற்றி என்று கொண்டாடப்படும் ஆணையிலேயே மென்துணியும் நேரியது உடுத்தும் பாணியும் மறுக்கப்பட்டிருந்தன. இன்று 'ராஜகுலப் பாணி' என்ற பெயரில் விற்கப்படுவது அந்த மறுக்கப்பட்ட பாணியே.

அணிகலனின் கதையும் அதுவே. புலையர் பெண்களின் கழுத்தில் கிடந்த கல்மாலை அழகுக்காக இட்டதன்று. சாதியை அடையாளம் காட்ட இட்டது. 1915-இல் அய்யன்காளியின் தலைமையில் கொல்லத்தில் அப்பெண்கள் அம்மாலைகளை அறுத்தெறிந்தார்கள். பெரிநாட்டில் இதன்பொருட்டுக் குடிசைகள் எரிந்தன. திருவிதாங்கூர் அணிகலன் வரலாற்றை எழுதப் புகுவோர் காசுமாலைக்கு ஒரு இயல் ஒதுக்கினால் கல்மாலைக்கும் ஒரு இயல் ஒதுக்க வேண்டும்.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. அன்று மறுக்கப்பட்டோரின் பேத்திகள் இன்று நேரியது அணிந்து மணமேடை ஏறுகிறார்கள். அதுவே வரலாற்றுக்கான பதிலடி அன்றோ என்பர். ஆம், பதிலடிதான், அதில் ஐயமில்லை. அந்த மணமகளின் மகிழ்ச்சியைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. ஆயினும் அவள் அணிந்திருப்பதை 'ராஜகுலப் பாணி' என்று அழைக்கும்போது, அவள் பாட்டியர் அடிபட்டுப் பெற்ற உரிமை அரண்மனையின் அன்பளிப்பாக உருமாறுகிறது. தடுத்தவன் பெயர் நிலைக்கிறது, போராடியவள் பெயர் அழிகிறது. ஆடை அவளுடையது; பெயர் மட்டும் ஏன் அரண்மனையுடையதாக இருக்க வேண்டும்?

நெய்தவனும் செய்தவனும் அப்பெயரில் இடம்பெறுவதில்லை. பாலராமபுரத்துத் தறிகள் பாலராம வர்மாவின் காலத்தில் (1798–1810) குடியேற்றப்பட்ட தமிழ்ச் சாலியர்களால் இயங்கத் தொடங்கியவை. 'கோயில் நகை' நாகர்கோவில் வடசேரிக் கம்மியரின் கைவண்ணம். இரண்டும் புவிசார் குறியீடு பெற்றவை. ஆகவே 'பாலராமபுரக் கசவு', 'வடசேரி நகை' என்ற உண்மையான பெயர்கள் ஆயத்தமாக இருக்கின்றன. கைவினைஞனின் ஊரைச் சொன்னால் அழகு குறைந்துவிடாது.

இச்சிக்கலை இன்றே பேச வேண்டியதற்குக் காரணம் பாடநூல்களில் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பு வரலாற்று நூலில் ஆடையின் சமூக வரலாறு குறித்த இயலில் தோள்சீலைப் போராட்டம் இடம்பெற்றிருந்தது. 2016-இல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் அப்பகுதியைப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியது. 2019-இல் அந்த இயல் முழுவதுமே நூலிலிருந்து அகற்றப்பட்டது. வகுப்பறையில் ஆடையின் வரலாறு இல்லை. மண்டபத்தில் அரண்மனையின் ஆடை இருக்கிறது. இனி வரும் மாணவர் இரண்டாவதை மட்டுமே அறிந்திருப்பார். விளம்பரம் வரலாறாவதற்கு இதற்குமேல் எதுவும் தேவையில்லை.

கழக்கூட்டத்தை ஒட்டிய காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழக வளாகமும் அதன் தமிழ்த்துறையும் இருக்கின்றன. எல்லைக்கு இப்பால் கன்னியாகுமரி மாவட்டக் கல்லூரிகள் இருக்கின்றன. 1956 வரை ஒரே அரசின் கீழிருந்த நிலம் இது. ஆவணங்களும் மலையாளம், தமிழ், ஆங்கிலம் என மூன்று மொழிகளில் சிதறிக் கிடக்கின்றன. அவற்றை ஒருங்கே படிக்கும் வாய்ப்புப் பெற்றோர் இவ்விரு பக்கத்து ஆய்வாளர்களே. மணமகள் ஆடை குறித்து எழுதுவோர் எழுதட்டும். ஆனால் 1829-ஐயும் 1859-ஐயும் 1915-ஐயும் சொல்லாத எந்த ஆய்வேடும் ஆடை வரலாறு என்ற பெயருக்கு உரியதன்று. அத்தகைய ஏட்டுக்கு ஒப்புதல் கையொப்பமிடும் நெறியாளர், விளம்பரத்துக்கே ஒப்புதல் அளிக்கிறார்.