மார்க் போடாமல் பாட்டுக் கேளுங்களேன்!



சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் எங்கள் வீட்டுக் கூடத்தில் கால் வைக்க இடமிருக்காது. தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் பாயை விரித்து உட்கார்ந்துவிடுவார்கள். தொலைக்காட்சியில் பாட்டுப் போட்டி! நான் சுண்டல் தாளித்துக் கொண்டுவந்து வைப்பேன். பாதிப் பாட்டிலேயே கிண்ணம் காலியாகிவிடும்.

எதிர்வீட்டு ஆறாம் வகுப்புக்காரி ஒரு நோட்டுப் புத்தகத்தோடுதான் வருவாள். அதில் கட்டம் போட்டு, பாடுகிறவர்களின் பெயரை எழுதி, ஒவ்வொருவருக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவாள். "டீச்சரம்மா, இந்தப் பையனுக்கு நாலுதான். இந்த வாரம் அவுட்!" என்பாள். அந்தப் பையன் நன்றாகத்தானே பாடினான் என்று நான் கேட்டால், "மேல போகவே இல்லையே... ஜட்ஜ் எந்திரிச்சு நிக்கலையே" என்று பதில் வரும்.

இதுவரை எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. கோடை விடுமுறையில் என் வீட்டுத் திண்ணையிலேயே இவர்கள் ஒரு போட்டி வைத்தார்கள். கரண்டிதான் மைக். மூன்று பேர் நடுவர்கள். பக்கத்து வீட்டுக் குட்டிப் பையன், மூன்றாம் வகுப்பு படிக்கிறவன், கண்ணை மூடிக்கொண்டு பாடினான். பாதியில் சுருதி விலகியது. "நீ எலிமினேட்டட்!" என்று மூன்று பேரும் ஒன்றாகக் கத்தினார்கள். அவன் கரண்டியை வைத்துவிட்டுப் போனான். அப்புறம் சனிக்கிழமைகளில் அவன் வருவதில்லை. "குளிக்கும்போதுகூட பாட மாட்டேங்கிறான் டீச்சர்" என்று அவன் அம்மா சொன்னார்கள்.

அதனால்தான் இந்த வாரம் உங்களிடம் இதைப் பற்றிப் பேசுகிறேன்.

நான் பாட்டுப் போட்டிகளுக்கு எதிரி இல்லை! சன் டிவியில் ஏ.வி.ரமணன் நடத்திய 'சப்தஸ்வரங்கள்' காலத்திலிருந்தே பார்க்கிறவள் நான். 2006ல் விஜய் டிவியில் 'சூப்பர் சிங்கர்' தொடங்கியபோது நான் வேலையில் இருந்தேன். மறுநாள் ஆசிரியர் அறையில் எங்களுக்கு அதே பேச்சுத்தான். சின்னப் பிள்ளைகளுக்கான ஜூனியர் போட்டி வந்த பிறகு கேட்கவே வேண்டாம். சித்ராவும் மனோவும் நடுவர்களாக உட்கார்ந்து, பிழையை வலிக்காமல் எடுத்துச் சொல்லுவார்கள். அதைப் பார்க்கும்போது, 'நாமும் இப்படி வகுப்பில் சொல்லியிருக்கலாமே' என்று தோன்றும்.

போட்டியாளர்களைப் பற்றி எனக்கும் அபிப்பிராயங்கள் உண்டு. 2015 பிப்ரவரியில் நடந்த ஜூனியர் இறுதிச் சுற்றை உங்கள் அக்கா, அண்ணன்களைக் கேட்டால் சொல்லுவார்கள். பெங்களூரிலிருந்து வந்த ஸ்பூர்த்தி ஒரு பக்கம், கனடாவிலிருந்து வந்த ஜெசிகா ஒரு பக்கம். எங்கள் தெருவே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது! ஸ்பூர்த்தி பாடினால் சங்கதிகள் வரிசையில் நிற்கிற பிள்ளைகளைப் போல ஒழுங்காக வந்து விழும். ஜெசிகா, 'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்தில் மக்கள் ஊரைவிட்டுப் பிரியும்போது வரும் பாட்டைப் பாடினாள். அவள் குடும்பமே ஈழத்துக் குடும்பம். அந்தப் பாட்டில் சங்கதியை எண்ணிக்கொண்டிருக்க யாரால் முடியும்? நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் கேட்டேன்.

பட்டம் ஸ்பூர்த்திக்கு. இரண்டாம் இடம் ஜெசிகாவுக்கு. தனக்குப் பரிசாகக் கிடைத்த ஒரு கிலோ தங்கத்தை ஆதரவற்ற குழந்தைகளுக்குக் கொடுப்பதாக அந்த மேடையிலேயே அறிவித்தார்கள். மேடையில் அந்த இரண்டு பெண்களும் சண்டை போட்டுக்கொள்ளவில்லை. எங்கள் தெருவில்தான் இரண்டு பெண்கள் ஒரு மாதம் பேசிக்கொள்ளவில்லை! யார் ஜெயித்திருக்க வேண்டும் என்று என்னைக் கேட்டார்கள். மாம்பழத்துக்கும் பலாப்பழத்துக்கும் ஓட்டுப் போடச் சொன்னால் என்ன செய்வது? எத்தனை பேர் ஓட்டுப் போட்டார்கள் என்பதைத்தான் ஓட்டுக் கணக்கு சொல்லும். உங்கள் காது என்ன சொல்கிறது என்பதை அது சொல்லாது.

எனக்குப் பிடிக்காத விஷயம் ஒன்று உண்டு. இப்போது பாட வரும் பிள்ளைகளில் பலரும் உச்ச ஸ்தாயியில் போய் முடிகிற பாட்டாகவே தேர்ந்தெடுக்கிறார்கள். கழுத்து நரம்பு புடைக்கப் பாடினால்தான் கைதட்டல் என்று ஆகிவிட்டது. மெதுவாகப் போகிற ஒரு தாலாட்டைப் பாடிப் பாருங்கள், எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். மூச்சு நிற்க வேண்டும், சுருதி ஆடக் கூடாது, சத்தத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளவும் முடியாது. அப்படிப் பாடுகிற குழந்தைக்கு நம் வீட்டு நடுவர்கள் நாலு மார்க் போடுகிறார்கள்!

இன்னொன்று, உச்சரிப்பு. தமிழ் டீச்சர் புத்தியை விட முடியவில்லை, மன்னித்துவிடுங்கள். 'மழை' என்று பாட வேண்டிய இடத்தில் 'மளை' என்று பாடினால் எனக்குச் சுண்டல் இறங்காது. எஸ்.பி.பாலசுப்ரமணியம் முதன்முதலில் எம்.எஸ்.விஸ்வநாதனிடம் பாடிக் காட்டியபோது, குரல் நன்றாக இருக்கிறது, தமிழ் உச்சரிப்பைச் சரிசெய்துகொண்டு வா என்று அனுப்பினாராம். இதை எஸ்.பி.பி.யே பலமுறை சொல்லியிருக்கிறார். தெலுங்குப் பிள்ளை அவர். உழைத்தார், திரும்பி வந்தார். அன்றைக்கு அவரை 'அவுட்' என்று சொல்லியிருந்தால்?

பின்னாளில் அவரே 1996 முதல் தெலுங்கில் 'பாடுதா தீயகா' என்ற போட்டியை நடத்தினார். பாடுகிற பிள்ளை தவறிவிட்டால், அந்த வரியைத் தானே பாடிக் காட்டுவார். எனக்குத் தெலுங்கு தெரியாது. அவர் பாடிக் காட்டுவதற்காகவே பார்ப்பேன்.

தோற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்கிறீர்களா? 2011ல் முடிந்த 'சூப்பர் சிங்கர்' மூன்றாவது சீசனில் பட்டம் வென்றவர் சாய் சரண். இறுதிச் சுற்றுவரை வந்து தோற்றவர்களில் சத்யபிரகாஷும் பூஜாவும் உண்டு. 2017ல் 'மெர்சல்' படம் வந்ததே, அதில் ஏ.ஆர்.ரஹ்மான் இசையில் 'ஆளப்போறான் தமிழன்' பாட்டு உங்களுக்கெல்லாம் மனப்பாடம். அதைப் பாடிய நான்கு பேரில் அந்த இரண்டு பேரும் இருக்கிறார்கள்! இந்தியில் அரிஜித் சிங் கதையும் இதுதான். 2005ல் ஒரு தொலைக்காட்சிப் போட்டியில் பாதியில் வெளியேறினார். 2013க்குப் பிறகு இந்தியா முழுக்க அவர் குரல்தான்.

சரி, இப்போது நான் செய்த ஒரு தவற்றைச் சொல்கிறேன்.

பல வருடங்களுக்கு முன்னால் நடந்தது. நான் வேலை பார்த்த நடுநிலைப் பள்ளியில் ஆண்டு விழாவுக்குக் குழுப்பாட்டு ஒத்திகை. எட்டாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். ஆறாம் வகுப்பிலிருந்து காலை வழிபாட்டில் தமிழ்த்தாய் வாழ்த்தை முன்னால் நின்று பாடுகிறவன் அவன்தான். அந்த வருடம் அவன் குரல் ஒரு வார்த்தையில் கீச்சென்றும் அடுத்த வார்த்தையில் கரகரவென்றும் போனது. பிள்ளைகள் சிரித்தார்கள். விழாவுக்கு இரண்டே நாள். நான் அவசரத்தில், "நீ பின்னாடி போய் நில்லுடா. பாட வேண்டாம், வாயை மட்டும் அசை" என்றேன்.

அவன் சொன்னதைச் செய்தான். விழாவில் மட்டும் இல்லை. அந்த வருடம் முடியும்வரை காலை வழிபாட்டிலும் பின்வரிசையில் நின்று வாயை மட்டும் அசைத்தான். நான் பார்த்தேன். பேசாமல் இருந்துவிட்டேன்.

அவனுக்கு வந்தது மகரக்கட்டு. பையன்களுக்குப் பெரும்பாலும் 12 வயதிலிருந்து 15 வயதுக்குள் குரல்வளை வேகமாக வளரும். உள்ளே இருக்கும் குரல் நாண்கள் நீண்டு தடிக்கும். வீணையில் மெல்லிய தந்தியைக் கழற்றிவிட்டுத் தடித்த தந்தியைப் போட்டால் ஒலி கீழே இறங்கும் அல்லவா, அதே மாதிரிதான். குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி இறங்கிவிடும். புதிய நாணைக் கட்டுப்படுத்தத் தெரியும்வரை சில மாதங்கள் குரல் தடுமாறும், பிறகு தானாக நிலைத்துவிடும். பெண் குழந்தைகளுக்கும் குரல் கொஞ்சம் மாறும், ஆனால் வெளியே அவ்வளவாகத் தெரியாது. அந்தக் காலத்து பாய்ஸ் நாடகக் கம்பெனிகளில் பாடி நடித்த சிறுவர்கள் மகரக்கட்டு என்றாலே நடுங்குவார்களாம், வேஷம் கைவிட்டுப் போய்விடும் என்று. ஆகவே, போட்டியில் பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் திடீரென்று சறுக்கினால், மார்க்கைக் குறைப்பதற்கு முன்னால் அவன் வயதையும் கொஞ்சம் யோசியுங்கள். இதெல்லாம் ஆசிரியர் பயிற்சியில் படித்துவிட்டு வந்தவள்தான் நான். இருந்தும் அப்படிச் சொன்னேன்.

ஐந்தாறு வருடங்களுக்கு முன்னால் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மைக் செட் போடுகிறவர் மைக்கைத் தட்டி, "ஹலோ... ஒன், டூ, த்ரீ..." என்றார். கோயில் மணி மாதிரி ஒரு குரல்! திரும்பிப் பார்த்தால், "டீச்சர், என்னைத் தெரியுதா?" என்று ஓடி வந்தார். அவனேதான். குடும்பம், குழந்தைகள் எல்லாம் விசாரித்தேன். "இப்ப பாடுறியாப்பா?" என்று கேட்டேன்.

"நீங்கதான் வாயை மட்டும் அசைக்கச் சொன்னீங்களே டீச்சர்!" என்று சொல்லிச் சிரித்தார். விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்குப் பந்தியில் என்ன பரிமாறினார்கள் என்றுகூட நினைவில்லை.

போன மாதம் எதிர்வீட்டுப் பெண்ணிடம் இதைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்ப மார்க் போடாம எப்படி டீச்சரம்மா பாக்குறது? போரடிக்குமே!" என்றாள். நியாயமான கேள்விதான். நோட்டில் வேறு கட்டம் போடச் சொன்னேன். இந்தப் பாட்டில் எந்த வார்த்தை பிடித்தது, எங்கே மூச்சு எடுத்தார்கள், பின்னால் என்ன வாத்தியம் கேட்டது என்று எழுதட்டும். முதல் வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் எழுதினாள். இரண்டாவது வாரம், "டீச்சரம்மா, அந்தப் பொண்ணு மூச்சே எடுக்கலை!" என்று பாயிலிருந்து எழுந்து நின்று கத்தினாள்.

அப்புறம் அவளே போய்க் குட்டிப் பையனைக் கூப்பிட்டாள். இரண்டு வாரம் வரவில்லை. போன சனிக்கிழமை வந்து வாசற்படி ஓரமாக உட்கார்ந்தான். சுண்டல் கொடுத்தேன், வாங்கிக்கொண்டான். தொலைக்காட்சியில் அவனுக்குத் தெரிந்த பாட்டு ஒன்று வந்தது. ஓரக்கண்ணால் பார்த்தேன். உதடு அசைகிறது, சத்தம் இல்லை.

நான் ஒன்றும் சொல்லவில்லை. ரிமோட்டை எடுத்துத் தொலைக்காட்சியின் சத்தத்தை நன்றாகக் கூட்டி வைத்தேன். "ஏன் டீச்சரம்மா இவ்ளோ சத்தம்?" என்று பிள்ளைகள் காதைப் பொத்தினார்கள். அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று நினைத்தானோ என்னவோ, வாசற்படியிலிருந்து மெல்லிசாக ஒரு குரல் வந்தது.