மதுவுக்குத் துணைபோகும் தட்டு





சில வாரங்களுக்கு முன், இஷா தொழுகை முடிந்து வெளியே வந்தபோது என்னிடம் சிறுவயதில் ஓதிய மாணவர் ஒருவர் காத்திருந்தார். நம் கம்பம் பள்ளத்தாக்கில் ஓர் ஊரில் பரோட்டாக் கடை நடத்துகிறார். "ஹஜ்ரத், பக்கத்து பாருக்குத் தினமும் சிக்கன் வறுவலும் மாட்டுக்கறி சுக்காவும் கேட்கிறார்கள். முன்பணமும் தருகிறார்கள். நான் குடிக்கவில்லை, மது விற்கவுமில்லை. கறி ஹலால், உழைப்பும் ஹலால். பணம் மட்டும் எப்படி ஹராமாகும்?" என்றார்.

அதே வாரம் சென்னையில் பணிபுரியும் இளைஞர் ஒருவர் ஊருக்கு வந்திருந்தார். அலுவலக விருந்துகளில் நண்பர்களுடன் அமர்ந்து சைடு டிஷ் மட்டும் உண்பதாகவும், எந்த விஸ்கிக்கு எந்தக் கபாப் பொருந்தும் என்பதுகூடத் தனக்குத் தெரியும் என்றும் சிரித்தபடி கூறினார்.

ஒருவர் தட்டை அனுப்புகிறார். மற்றவர் அந்தத் தட்டின் முன் அமர்கிறார். இருவரும் பாட்டிலைத் தொடவில்லை. ஆயினும் இருவரும் ஒரே தவற்றின் இரு முனைகளில் நிற்கிறார்கள் என்பதே என் வாதம்.

விஸ்கிக்கு உணவு பொருத்துவதை இன்று ஒரு கலையாகவே பேசுகிறார்கள். புகைவாசம் உள்ள விஸ்கிக்குத் தணலில் சுட்ட இறைச்சியாம். இனிப்புச் சாயல் உள்ளதற்குச் சாக்லேட்டாம். போதையைப் போதை என்று சொன்னால் மனம் கூசும். சுவை, ரசனை, விருந்து என்று சொன்னால் கூச்சம் அகன்றுவிடும். நம் வலீமா விருந்துகளில் மணக்கும் பிரியாணியும் கபாபும் அந்தப் பாட்டிலுக்குக் குடும்ப மரியாதையை வாங்கித் தரும் சாட்சிகளாக ஆக்கப்படுகின்றன. மதுவுக்கு வேறு பெயரிட்டு அருந்தும் காலம் வரும் என்று நபி (ஸல்) அவர்கள் முன்னறிவித்த செய்தி அபூதாவூதில் உள்ளது. இன்று பெயரை மாற்றும் வேலையைத் தட்டு செய்கிறது.

இன்னொரு வேடிக்கையையும் கவனியுங்கள். இந்தியாவில் மலிவாக விற்கும் விஸ்கிகளில் பெரும்பாலானவை சர்க்கரை ஆலை மொலாசஸிலிருந்து காய்ச்சிய சாராயம் கலந்தவை. ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி அத்தகைய சரக்கை விஸ்கி என்ற பெயரில் விற்கவே இயலாது. அதற்குத்தான் இத்தனை ரசனைப் பேச்சு!

நம் மாநிலத்தில் தட்டுக்கு உள்ள இடம் இன்னும் வெளிப்படையானது. 1983-இல் தொடங்கப்பட்ட டாஸ்மாக், 2003 நவம்பர் முதல் சில்லறை மதுவிற்பனையையும் தன் கையில் எடுத்துக்கொண்டது. கடையை ஒட்டிய பாருக்கு அரசு விடும் ஏலத்தில் தனியாருக்குக் கிடைக்கும் உரிமை என்ன தெரியுமா? தின்பண்டம் விற்பது. மதுவை விற்பது அரசின் கடை. பாரை நடத்துபவரின் உரிமமோ உணவுக்கானது. ஆகவே தட்டு இல்லையேல் அந்த பார் இல்லை. என் மாணவரிடம் கேட்கப்பட்டது ஓரமான உதவியன்று; அந்த இடத்தின் தூணையே தாங்கும்படி கேட்டிருக்கிறார்கள்.

இனி, வழக்கமாக எழும் மறுப்புகளைப் பார்ப்போம்.

"குர்ஆன் தடுத்தது திராட்சை மதுவை, விஸ்கி தானியத்தில் ஆனது" என்பார்கள். உமர் (ரலி) அவர்கள் மிம்பரில் நின்று, மது ஐந்து பொருட்களிலிருந்து ஆகிறது என்று திராட்சை, பேரீச்சை, தேன், கோதுமை, வாற்கோதுமை ஆகியவற்றைப் பெயர் சொல்லி எண்ணினார்கள். அறிவை மறைப்பதெல்லாம் மதுவே என்றும் தெளிவுபடுத்தினார்கள். புகாரீயில் உள்ள செய்தி இது. விஸ்கியின் மூலப்பொருளான வாற்கோதுமை அப்போதே அந்தப் பட்டியலில் இருந்தது.

இரண்டாவது மறுப்பு கனமானது, படித்தவர்களே எழுப்புவது. "மது செய்பவருக்குத் திராட்சைச் சாறு விற்பதில் குற்றமில்லை என்று நம் இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) கூறியுள்ளார்களே! அப்படியானால் கறி விற்பதில் என்ன?" உண்மைதான், ஹிதாயாவில் அவ்வாறு உள்ளது. ஆனால் காரணத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். சாறு உருமாறிய பின்னரே பாவம் நிகழ்கிறது. விற்கப்படும் நேரத்தில் அது வெறும் சாறு. பன்னீர் திராட்சை விளைவிக்கும் நம் விவசாயிகளுக்கு இது ஆறுதலான சட்டம். பாருக்குப் போகும் சுக்காவோ எதுவாகவும் உருமாறுவதில்லை. குடிப்பவருக்கென்றே சமைக்கப்பட்டு, குடிக்கும் மேசையில், குடிக்கும் நேரத்தில் சூடாக வைக்கப்படுகிறது. இரண்டும் ஒன்றாகுமா? மேலும், இமாமின் மாணவர்களான அபூ யூஸுஃப், முஹம்மத் (ரஹ்) இருவரும் சாறு விற்பதையே வெறுத்தார்கள். நன்மையிலும் இறையச்சத்திலும் துணைநிற்க வேண்டும், பாவத்தில் துணைநிற்கக் கூடாது என்ற மாயிதா அத்தியாயத்தின் இரண்டாம் வசனக் கட்டளை நம் கண்முன் இருக்கிறது.

"நான் சைடு டிஷ் மட்டும்தான்" என்பது மூன்றாவது. அல்லாஹ்வையும் மறுமை நாளையும் நம்புபவர் மது பரிமாறப்படும் மேசையில் அமர வேண்டாம் என்ற நபிமொழி திர்மிதீயில் உள்ளது. அங்கே தடுக்கப்பட்டது அமர்வது. கலீஃபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களிடம் மது அருந்திய கூட்டம் ஒன்று கொண்டுவரப்பட்டது. அதில் ஒருவர் நோன்பாளி என்று கூறப்பட்டபோதும் அவரையும் தண்டித்தார்கள் என்று தஃப்ஸீர் குர்துபியில் காண்கிறோம். வாயில் ஒரு துளியும் படாத நோன்பாளிக்கே அந்த நிலை!

"வயிறு நிறைய உண்டால் கெடுதல் குறையுமே" என்பது கடைசி மறுப்பு. உணவு, போதை ஏறுவதைத் தாமதப்படுத்தும். உடலுக்குள் போன மதுவை இல்லாமல் ஆக்காது. நம் நாட்டு விஸ்கியில் 42.8 விழுக்காடு ஆல்கஹால். பாதுகாப்பான அளவு என்று எதுவுமில்லை என 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனமே அறிவித்தது. மதுவில் சில பயன்கள் இருப்பதைக் குர்ஆன் மறுக்கவில்லை. அவற்றைவிட அதன் பாவம் பெரிது என்று பகரா அத்தியாயத்தின் 219-ஆம் வசனத்தில் தீர்ப்பளிக்கிறது.

என் மாணவரிடம் இவற்றையெல்லாம் சொன்னேன். தலைகுனிந்து கேட்டார். பிறகு ஒரே வார்த்தை: "வாடகை யார் தருவார் ஹஜ்ரத்?"

அந்தக் கேள்வி அவருக்கு மட்டும் உரியதன்று. நம் வலீமாவுக்கும் அகீகாவுக்கும் பெரிய ஊர்களிலிருந்து சமையல்காரர்களை வரவழைக்கிறோம். ரமளானில் இஃப்தாருக்கு ஏதோ ஒரு கடையில் வாங்குகிறோம். மார்க்கத்துக்காக வருமானத்தை விடும் தம்பியின் கடை நம் தெருவிலேயே இருக்க, நாம் கடந்து போகிறோம். ஹராமை விடச் சொல்லும் ஜமாஅத், ஹலாலை நடத்திக் காட்டவும் கடமைப்பட்டது. இந்தத் தெருவின் அடுத்த பத்து விருந்துகளில் இரண்டை அவருக்குக் கொடுத்தால் போதும். பாரின் முன்பணத்தைத் திருப்பித் தரும் துணிவு அவருக்கு வரும்.

தாய்மார்களே! பிள்ளைகளிடம் "நீ குடித்தாயா?" என்பதோடு நிறுத்தாதீர்கள், "எந்த மேசையில் அமர்ந்தாய்?" என்றும் கேளுங்கள்.

பிஸ்மில்லாஹ் சொல்லி அடுப்பில் ஏற்றிய கறி, பிஸ்மில்லாஹ் சொல்லி உண்ணும் இடத்துக்கே போய்ச் சேரட்டும். வல்ல அல்லாஹ் நம் அனைவரின் உணவையும் வருமானத்தையும் தூய்மையாக்கி வைப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.