தாரைத் தூக்கலாமா?

புது தார் வீட்டு வாசலுக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகியிருக்காது. அதற்குள் உரிமையாளரின் மொபைலில் ‘லிஃப்ட் கிட்’ வீடியோக்கள் வரிசைகட்டும். இரண்டு இன்ச் உயர்த்திவிட்டால் எந்தப் பாறையிலும் ஏறிவிடலாம் என்று ஆசை. அட்வான்ஸ் கொடுக்கும் முன் வண்டிக்கு அடியில் ஒருமுறை குனிந்து பார்ப்பது நல்லது.

2020-ல் வந்த மூன்று கதவு தாரில், பின்சக்கரங்கள் இரண்டையும் இணைப்பது ஒரே முழு ஆக்ஸில். அதில் உருண்டையாகத் தொங்குவது டிஃப்ரன்ஷியல். கல்லில் இடிபடுவது பெரும்பாலும் அதுதான். ஸ்பிரிங்கை உயரமாக மாற்றினால் பாடி மேலே போகும். அந்த உருண்டை இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்தப் பெரிய டயர்தான் வழி. லிஃப்ட்டால் லாபமே இல்லை என்றில்லை. மேட்டில் ஏறும்போது பம்பர் இடிக்காது, வண்டியின் வயிறு தட்டாது. ஆனால், கம்பெனியே 226 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸ் கொடுத்திருக்கும் வண்டி இது!

முன்பக்கம் கதை வேறு. அங்கே இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன். வண்டி உயர உயர, டிரைவ் ஷாஃப்ட் கூடுதல் சாய்வில் சுழல வேண்டும். சி.வி. ஜாயின்ட்டின் ரப்பர் பூட் சீக்கிரம் கிழியும். மண் உள்ளே போனால் ஜாயின்ட் காலி. வளைவில் வண்டி சாய்வதும் கூடும். 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைக்குப் பாட்டியைப் பின்சீட்டில் வைத்து ஏறினால் விமர்சனம் உடனே கிடைக்கும்.

ஸ்பிரிங் என்பது எடையைத் தாங்க. இரும்பு பம்பர், வின்ச், கூரை கேரியர் என்று நிரந்தரமாக எடை ஏற்றியவருக்குத்தான் கடினமான ஸ்பிரிங் தேவை. காலி வண்டியில் போட்டால் ஒவ்வொரு பள்ளமும் முதுகெலும்பில் தெரியும்.

உண்மையில் முதல் செலவு ஷாக் அப்சார்பருக்குப் போகலாம். கரடுமுரடான பாதையில் மணிக்கணக்கில் ஓடினால் உள்ளே இருக்கும் ஆயில் சூடாகி நுரைக்கும். வண்டி குதிப்பது நிற்காது. நைட்ரஜன் அழுத்தம் கொண்ட மோனோடியூப் ஷாக்கில் இந்தத் தொல்லை குறைவு. ஸ்டாக் உயரத்துக்கே கிடைப்பதை வாங்கினால் போதும், மற்ற எதையும் தொட வேண்டியதில்லை.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவை வைத்து, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கிளெய்மிலும் இது சிக்கலாகலாம்.

இத்தனைக்கும் பிறகு மாற்றுகிறவர், பொருத்தும் நாளில் பக்கத்திலேயே நிற்க வேண்டும். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது முறுக்கக் கூடாது. சக்கரம் தரையில் ஊன்றி எடை இறங்கிய பிறகே கடைசி முறுக்கு. இல்லையென்றால் புஷ் திருகியபடியே இருந்து கிழியும். சக்கரத்தை முழுக்கத் தொங்கவிட்டு பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். அப்புறம் வீல் அலைன்மென்ட். உயரம் கூடியிருந்தால் ஹெட்லைட்டையும் தாழ்த்தச் சொல்ல வேண்டும். அதை மறந்தால், முதல் இரவிலேயே எதிரே வருகிற லாரிக்காரர் ஹாரன் அடித்து ஞாபகப்படுத்துவார்.